ராத்திரி ஒன்பது மணிக்கு எடுக்குற முடிவு நிக்காது

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி: வாரத்துல அஞ்சு ஆறு நாள் ராத்திரிச் சாப்பாடு பர்கர், பீட்சா, பொரிச்ச சிக்கன், கூடவே ஒரு கூல்ட்ரிங்க்ஸ்னு ஓடிட்டு இருக்கு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் "நாளையிலேருந்து கட்"னு முடிவு பண்றீங்க, திங்க செவ்வாய் எப்படியோ சமாளிக்கிறீங்க, புதன்கிழமை ராத்திரி கை தானா போய் ஃபுட் டெலிவரி ஆப்பைத் திறக்குது, வியாழக்கிழமை "எனக்கு மன உறுதியே கிடையாது"ன்னு உங்களையே திட்டிக்கிறீங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு கேக்குறீங்க. மன உறுதிய மொதல்ல ஓரமா வைங்க, இந்தக் கதையில அதுக்குப் பெரிய வேஷம் ஒண்ணும் இல்ல.

நான் டயட்டீஷியன், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வேலையில சேர்ந்த மொத ரெண்டு வருஷம் நானே இதே கேஸ் தான். பகல் முழுக்க வார்டு வார்டா போய் உப்பைக் குறைங்க எண்ணெயைக் குறைங்கன்னு பேசுவேன், மதியம் உக்காந்து சாப்பிட நேரம் இருக்காது, ரெண்டு பிஸ்கட் ஒரு டீ, சாயங்காலம் வெளிய வந்ததும் கண்ணுல படுற மொதக் கடையில பர்கரும் ஃப்ரைஸும் வாங்கி நடந்துக்கிட்டே முடிச்சுடுவேன். ஒரு நாள் அவசரத்துல மிச்சப் பொட்டலத்தைக் கோட் பாக்கெட்டுல சொருகிட்டு மறந்துட்டேன், மறுநாள் அதே கோட்டைப் போட்டுக்கிட்டு வார்டுக்குப் போறேன், பிரஷருக்காக அட்மிட் ஆகியிருந்த ஒரு பெரியவர், நான் உப்பைப் பத்தி பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு, "எல்லாம் சரிம்மா, உங்க பாக்கெட்டுலேருந்து பொரிச்ச வாசனை வருதே"ன்னாரு. கையை விட்டுப் பாத்தா எண்ணெய் ஊறின பேப்பர், ரெண்டு கெச்சப் சாஷே. அன்னிக்கு எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கிறதுன்னே தெரியல.

இதை எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு அப்போ எந்த விஷயமும் தெரியாம இல்ல. ஒரு கிராம் கொழுப்புல 9 கலோரி, மாவுச்சத்துலயும் புரதத்துலயும் 4 கலோரின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அறிவு குறையல, மதியச் சாப்பாடு தான் குறைஞ்சுது. மதியம் ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்ச மாசமே என்னோட சாயங்காலப் பர்கர் பாதிக்குப் பாதி தானா உதிர்ந்துடுச்சு, சத்தியமா நான் வேற எதுவும் பண்ணல. அதுக்கப்புறம் இத்தனை வருஷத்துல நான் பாத்தவங்கள்ல இந்தப் பழக்கத்தை உண்மையாவே விட்டவங்க எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல இதே வேலையத்தான் செஞ்சிருக்காங்க, அதாவது பசி வந்து மண்டைக்கு ஏறுறதுக்கு முன்னாடியே அடுத்து என்ன சாப்பிடப் போறோம்ங்கிறத முடிவு பண்ணி வெச்சுடுறது. பசியோட, களைப்போட, கையில ஃபோனோட சோஃபாவுல சாஞ்சிருக்கிற ஆளு எடுக்குற முடிவு எப்பவும் ஒண்ணா தான் இருக்கும், அந்த ஆளு நீங்களா இருந்தாலும் சரி நானா இருந்தாலும் சரி.

சரி, அந்தச் சாப்பாடு ஏன் இப்படி இழுக்குது? ஏதோ மர்ம கெமிக்கல் போடுறான்னு வாட்ஸப்ல சுத்துற கதைய விடுங்க. 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்னு ஒருத்தரோட டீம் ஒரு சோதனை பண்ணாங்க, 20 பேரை நாலு வாரம் அங்கேயே தங்க வெச்சு, ரெண்டு வாரம் ஃபேக்டரியில ரெடியாகி வர்ற மாதிரியான சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரணமா சமைச்ச சாப்பாடு குடுத்தாங்க. முன்னாடி வெச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், எவ்வளவு வேணுமோ சாப்பிடுங்க, மிச்சம் வெச்சாலும் பரவாயில்லன்னு சொல்லிட்டாங்க. ஃபேக்டரிச் சாப்பாடு சாப்பிட்ட வாரங்கள்ல அதே ஆளுங்க ஒரு நாளைக்கு சுமார் 500 கலோரி கூடுதலா உள்ள தள்ளியிருக்காங்க, ரெண்டு வாரத்துல 0.9 கிலோ ஏறிச்சு, மத்த ரெண்டு வாரத்துல அதே அளவு இறங்குச்சு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்தச் சாப்பாட்டை அவங்க வேகமா சாப்பிட்டிருக்காங்க. கடையில விக்கிற ஃபாஸ்ட் ஃபுட்டும் இதுக்கு சொந்தக்காரன் தான். மெல்லவே வேண்டாத மெத்துன்னு இருக்குற பன், பொடியா அரைச்ச கறி, வாயில வெச்சதும் கரையுற சீஸ், இடையில தொண்டையை நனைக்க ஒரு ஸ்வீட் ட்ரிங்க். வயிறு "போதும்"னு சொல்றதுக்கு சுமார் இருவது நிமிஷம் ஆகும்னு வெச்சுக்கோங்க, நீங்க ஏழு நிமிஷத்துல பொட்டலத்தைக் கசக்கித் தூக்கிப் போட்டிருப்பீங்க.

ஒரு சின்ன வேலை பண்ணிப் பாருங்க, இது நான் எல்லாருக்கும் குடுக்குற ஹோம்வொர்க். அடுத்த தடவை ஃப்ரைஸ் வாங்கும்போது அதுல பத்து குச்சிய எடுத்து ஒரு தட்டுல தனியா வெச்சுடுங்க. அரைமணி நேரம் கழிச்சு, வேற எதுவும் பாக்காம, சாஸ் தொடாம, ஒவ்வொண்ணா மெதுவா மென்னு சாப்பிடுங்க. சூடு போனதும் அது வளைஞ்சு தொங்கும், வெளிய இருந்த மொறுமொறுப்பு ரப்பர் மாதிரி ஆயிருக்கும், நாக்குல மொதல்ல உப்பு, அப்புறம் அண்ணத்துல ஒட்டுற எண்ணெய், அப்புறம் ஒரு மாவு ருசி, அவ்வளவு தான். நாலாவது குச்சிக்கு மேல பெரும்பாலானவங்க போறதில்ல. உங்களை இழுத்தது சூடு, வாசனை, மொறுமொறுப்பு, கூட ஓடுற வீடியோ, எல்லாம் சேர்ந்த ஒரு செட்டப், உருளைக்கிழங்கு இல்ல. இது தெரிஞ்சதும் பழக்கம் போயிடாது, ஆனா அந்தப் பொட்டலத்து மேல இருக்குற ஒரு மயக்கம் கொஞ்சம் தெளியும்.

இப்போ நிஜ வேலைக்கு வருவோம். மொத வாரம் எதையும் நிறுத்தாதீங்க. நிறுத்தவே கூடாது. ஆர்டர் பண்ற ஒவ்வொரு தடவையும் ஃபோன்ல ஒரு வரி எழுதுங்க: மணி என்ன, எங்க இருக்கேன், கடைசியா எப்போ என்ன சாப்பிட்டேன், இப்போ நிஜமா பசியா இல்ல வேற ஏதாவதா. கலோரி எழுத வேணாம், அது ரெண்டாவது நாளே அலுத்துடும். ஏழு நாள் கழிச்சு மொத்தமா படிச்சீங்கன்னா ஒரு உருவம் தெரியும். சிலருக்கு அது சாயங்காலம் அஞ்சு மணிப் பிரச்சனை, காலையில ஒண்ணும் சாப்பிடல மதியம் அரைகுறை, உடம்பு வட்டியும் முதலுமா கேக்குது. சிலருக்கு ராத்திரி ஒன்பது மணிப் பிரச்சனை, பசி பெருசா இல்ல, நாள் முழுக்க யாரோ சொன்னதையே செஞ்சாச்சு, இப்பவாவது எனக்குப் பிடிச்சது ஒண்ணு வேணும்ங்கிற மனசு. சிலருக்கு இது வழிப் பிரச்சனை, வேலை முடிஞ்சு வர்ற பாதையில அந்தக் கடை இருக்கு, பாதையை மாத்தினாலே பாதி தீந்துடும், சிரிக்காதீங்க, இதுல மட்டுமே சரியானவங்களைப் பாத்திருக்கேன். மூணுக்கும் மருந்து வேற வேற, அதனால தான் பொதுவா எல்லாருக்கும் எழுதிக் குடுக்குற டயட் சார்ட் மேல எனக்குப் பெருசா மரியாதை கிடையாது, நானே ஆயிரக்கணக்குல எழுதியிருந்தாலும்.

அஞ்சு மணி ஆளுன்னா, மதியச் சாப்பாட்டுல புரதம் இருக்கான்னு பாருங்க, முட்டை, பருப்பு, பயறு, மீன், கோழி, தயிர் எதுவானாலும். அப்புறம் நாலு மணிக்கு, பசிக்கிறதோ இல்லையோ, ஒரு பழமும் ஒரு கைப்பிடி நட்ஸும். பசிக்காதப்போ எதுக்கு சாப்பிடணும்னு கேப்பீங்க, ஆறரை மணிக்கு மனுஷனா இருக்குறதுக்குத் தான்.

ஒன்பது மணி ஆளுன்னா கொஞ்சம் சிக்கல், ஏன்னா அங்க சாப்பாடு சாப்பாடா வேலை செய்யல, பரிசா வேலை செய்யுது. பரிசைப் பிடுங்கினா மனசு சண்டைக்கு வரும். அதனால மொதல்ல சாப்பாட்டு நேரத்தை முன்னாடி இழுங்க, வீட்டுக்கு வந்த அரைமணிக்குள்ள ஏதாவது சாப்பிட்டு முடிச்சுடுங்க, அப்புறம் ஒன்பது மணிக்குப் பிடிச்சது வேற ஏதாவது வைங்க, வெந்நீர்க் குளியல், ஒரு எபிசோட், யாருக்காவது ஃபோன், ரெண்டு துண்டு சாக்லேட்டுன்னாலும் எனக்கு ஓகே தான். அதையும் மீறி ஆசை வந்தா அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஆலன் மார்லட் குடிப்பழக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லிக் குடுத்த ஒரு விஷயம் இங்கயும் நல்லா வேலை செய்யும்: ஆசையோட மல்லுக்கட்டாதீங்க, அது அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், நீங்க அது மேல மிதந்துக்கிட்டு வேடிக்கை பாருங்க. ஆர்டர் பண்ணக் கூடாதுன்னு இல்ல, "இருவது நிமிஷம் கழிச்சு பண்ணிக்கிறேன்"னு மட்டும் சொல்லிக்கோங்க. பெரும்பாலும் இருவது நிமிஷத்துல வேற ஏதோ வேலையில மூழ்கியிருப்பீங்க, இல்லன்னா பண்ணிக்கோங்க, அதுலயும் ஒண்ணும் குடி முழுகிடாது.

அந்த ஆப்பை டெலீட் பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரி தான், ஆனா அதைவிட முக்கியமானது அதுல சேவ் ஆயிருக்குற கார்டு நம்பரை எடுக்குறது. எழுந்து போய் பர்ஸைத் தேடி பதினாறு நம்பரையும் ஒவ்வொண்ணா டைப் பண்ணணும்னா அந்தக் களைச்ச ஆளுக்கு அலுப்பா இருக்கும், அலுப்பை உங்க பக்கம் வேலை செய்ய விடுங்க. இத்தனை நாள் அது அவங்க பக்கம் தானே வேலை செஞ்சுது?

மொதல்ல எதை மாத்தலாம்னா என் ஓட்டு கண்ணை மூடிக்கிட்டு கூல்ட்ரிங்க்ஸுக்கு. பர்கரை விடுறத விட இது சுலபம், பலன் பெருசு. 330 மி.லி. கோலா கேன் ஒண்ணுல 35 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் சொல்றது, சேர்த்துக்குற சர்க்கரை மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்குக் கீழ போனா இன்னும் நல்லது, 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு அந்த 5 சதவீதம்ங்கிறது 25 கிராம். ஒரே கேன் அதைத் தாண்டிடுது, வயிறு நிறைஞ்ச மாதிரியும் இருக்காது. பர்கர் அப்படியே இருக்கட்டும், கூட தண்ணியோ சோடாவோ குடிங்க, ரெண்டு வாரம் இது மட்டும். காம்போ வாங்காம தனியா வாங்குறது இதுக்கு உதவும், "இன்னும் கொஞ்சம் போட்டா பெரிய சைஸ்"னு கேக்குறப்போ வேணாம்னு சொல்லப் பழகுறதுக்கும் இது ஒரு பயிற்சி.

அடுத்தது மாற்றுச் சாப்பாடு. இங்க தான் நெறைய பேர் விழுறாங்க, ஞாயித்துக்கிழமை உக்காந்து வீடியோ பாத்து, பதினாலு டப்பா வாங்கி, ஏழு நாளைக்கு சமைச்சு அடுக்கி, மூணாவது நாள் அந்த டப்பாவைப் பாத்தாலே வெறுத்துப் போய் ஆர்டர் பண்ணிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது மூணே மூணு சாப்பாடு, ஒவ்வொண்ணும் டெலிவரி வர்றதுக்கு முன்னாடி ரெடியாகணும், அது மட்டும் தான் கண்டிஷன். எனக்கு இப்பவும் கை குடுக்குற ஒண்ணைச் சொல்றேன். அகலமான வாணலிய நல்லா சூடு பண்ணுங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய், தட்டிப் போட்ட பூண்டு ரெண்டு பல், அது லேசா சிவக்கும்போது ஃப்ரீசர்லேருந்து எடுத்த காய்கறி ரெண்டு கைப்பிடி அப்படியே. மொதல்ல சத்தமா சீறும், தண்ணி விடும், மூடாதீங்க, மூடினா வெந்த காய் மாதிரி சோர்ந்துடும், தீயை ஏத்தி வெச்சு அந்தத் தண்ணி வத்துற வரைக்கும் விடுங்க, ஓரம் அங்கங்க கருகின மாதிரி ஆகும்போது தான் அதுக்கு ருசியே வரும். ஒரு பக்கமா ஒதுக்கிட்டு ரெண்டு முட்டைய ஒடச்சு ஊத்திக் கிளறி, எல்லாத்தையும் சேர்த்து, மிளகு, உப்பு, அடுப்பை அணைச்சுட்டு அரை எலுமிச்சம்பழம். வேகவெச்ச கடலையோ பயறோ ஃப்ரிட்ஜ்ல இருந்தா அதையும் ஒரு கை. பன்னெண்டு நிமிஷம், ஒரே வாணலி. காய்கறி ஃப்ரீசர்ல இருந்தா சத்து போயிடும்னு பயப்படாதீங்க, பறிச்ச சீக்கிரத்துலயே உறைய வைக்கிறாங்க, நாலு நாள் ஃப்ரிட்ஜ்ல வாடின காய்க்கு அது ஒண்ணும் குறைச்சல் இல்ல.

உருளைக்கிழங்கு பிடிக்கும்னா அதை விடவே வேணாம், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல்: 1995ல சிட்னி பல்கலைக்கழகத்துல சூசன்னா ஹோல்ட்னு ஒருத்தரும் அவங்க கூட இருந்தவங்களும் 38 விதமான சாப்பாட்டை ஒரே கலோரி அளவுல குடுத்து, எது எவ்வளவு பசி தாங்குதுன்னு மார்க் போட்டாங்க, வெள்ளை ரொட்டிக்கு 100னு வெச்சுக்கிட்டு. மொத இடம் வெறும் வேகவெச்ச உருளைக்கிழங்கு, 323. அதே கிழங்கைப் பொரிச்ச ஃப்ரைஸுக்கு 116. கடைசி இடம் க்ருவாசான்ங்கிற வெண்ணெய் பேஸ்ட்ரி, 47. கிழங்கு மேல எந்தத் தப்பும் இல்லன்னு நான் சொல்றதுக்கு இதான் காரணம்.

மொத ரெண்டு மூணு வாரம் வீட்டுச் சாப்பாடு சப்புன்னு தான் இருக்கும், இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல, அதனால "எனக்கு ஹெல்தி சாப்பாடு ஒத்துக்கல"ன்னு விட்டுடுறாங்க. உங்க நாக்கு கூடுதல் உப்புக்குப் பழகியிருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல, பெரிய சைஸ் காம்போ ஒண்ணே அதுல பாதிக்கு மேல எடுத்துக்கும். உப்பைக் குறைச்சா நாக்கும் மாறும், ஆனா நிதானமா, சில வாரத்துலேருந்து ரெண்டு மூணு மாசம் வரைக்கும். அதுவரைக்கும் புளிப்பு, காரம், பூண்டு, கருக வதக்கின வெங்காயம்னு வேற பக்கத்துலேருந்து ருசியைக் கொண்டு வாங்க. இன்னொண்ணு, நார்ச்சத்தை ஒரே நாள்ல ஏத்தாதீங்க, திடீர்னு பயறும் காயுமா தின்னா வயிறு உப்பி கேஸ் பிடிச்சு நீங்க பயறைத் திட்டுவீங்க, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, தண்ணிய மறக்காதீங்க.

கடையிலயே "ஹெல்தி"ன்னு எழுதியிருக்குற சாலட் பத்தியும் ஒரு வார்த்தை. இலை எல்லாம் நல்லது தான், மேல ஊத்துற அந்த வெள்ளை ட்ரெஸ்ஸிங்கும் பொரிச்ச சிக்கனும் சேர்ந்தா சில இடத்துல பர்கரையே தாண்டிடும். ட்ரெஸ்ஸிங்கைத் தனியா கேளுங்க.

தூக்கம். ஒரு வரியில போயிடக் கூடிய விஷயம் இல்ல இது. 2004ல சிகாகோ பல்கலைக்கழகத்துல 12 ஆரோக்கியமான இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தாங்க, பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் ஏறியிருக்கு, போதும்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் இறங்கியிருக்கு, அதுவும் பத்து மணி நேரம் படுக்க விட்ட ராத்திரிகளோட ஒப்பிடும்போது. சின்ன சோதனை தான், ஆனா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்த மறுநாள் உங்க ஃபோன் குறிப்புல என்ன எழுதியிருக்குன்னு நீங்களே பாருங்க, நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்போ அந்தப் புதன்கிழமை. அது வரும், கண்டிப்பா வரும். 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் பண்ண ஒரு பழைய சோதனை இருக்கு, சில பேருக்கு மொதல்ல மில்க்ஷேக் குடுத்துட்டு, அப்புறம் ருசி பாக்குற சாக்குல ஐஸ்க்ரீம் குடுத்தாங்க. சாதாரண ஆளுங்க மில்க்ஷேக் குடிச்சதால ஐஸ்க்ரீமைக் குறைச்சாங்க. எப்பவும் வாயைக் கட்டிக்கிட்டு இருக்குற ஆளுங்க தான் மில்க்ஷேக் குடிச்சதும் இன்னும் கூட சாப்பிட்டாங்க, ஏன்னா "அதான் கெட்டுப் போச்சே, இனி என்ன". நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்குங்கிற அதே கணக்கு. உங்களைக் கவுக்குறது புதன்கிழமை பர்கர் இல்ல, அதுக்கப்புறம் வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் "திங்கக்கிழமை புதுசா ஆரம்பிக்கலாம்"னு விடுறது தான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஃபிலிப்பா லாலி 96 பேரை வெச்சுப் பண்ண ஆய்வுல, ஒரு புதுப் பழக்கம் கையில ஒட்டுறதுக்கு சராசரியா 66 நாள் ஆகியிருக்கு, சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு, நடுவுல ஒரு நாள் தவறினது பெருசா எதையும் கெடுக்கலன்னும் பாத்திருக்காங்க. அதனால 21 நாள் சேலஞ்ச் எல்லாம் எடுத்துட்டு 22வது நாள் ஏமாந்து போகாதீங்க. புதன்கிழமை சாப்பிட்டீங்களா, சரி, நிதானமா உக்காந்து ரசிச்சு சாப்பிடுங்க, அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு. பட்டினி கிடந்து ஈடு கட்ட வேணாம், அது தான் அடுத்த ஆர்டருக்கு அட்வான்ஸ்.

ரெண்டு இடத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்லிடுறேன். சுகருக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுக்குறவங்க திடீர்னு சாப்பாட்டை மாத்தினா சுகர் ரொம்ப இறங்கிடலாம், கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களுக்கு எல்லாக் காயும் பழமும் ஒத்துக்காது, ரெண்டு பேரும் டாக்டர் கிட்ட பேசிட்டு மாத்துங்க. இன்னொண்ணு, யாருக்கும் தெரியாம ஒளிச்சு வெச்சு, நிறுத்தவே முடியாம மூச்சு முட்டுற வரைக்கும் சாப்பிட்டு, அப்புறம் அசிங்கமா ஃபீல் பண்றதோ வாந்தி எடுக்குறதோ இருந்தா அது வெறும் பழக்கம் இல்ல, அதுக்கு சிகிச்சை இருக்கு, தயங்காம போங்க.

நான் இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோ பர்கர் சாப்பிடுறேன், நல்ல பசியோட இல்லாம, ஃப்ரெண்ட்ஸ் கூட, உக்காந்து. ஃப்ரைஸ் ஒண்ணு வாங்கி எல்லாரும் பங்கு போட்டுக்குவோம். நீங்க இந்த வாரம் அந்த ஒரு வரிக் குறிப்பை மட்டும் எழுதுங்க, ஏழாவது நாள் படிச்சுப் பாத்துட்டு உங்களோடது அஞ்சு மணியா, ஒன்பது மணியா, வழியில இருக்குற கடையான்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி உங்களோட அந்த மூணு சாப்பாட்டை உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம்.